கோடு போடாத தகடு

ஒனேசிம் தெலமார் வீட்டு முயல் கூண்டைப் பார்த்துச் சிரிக்காதவர் ஃபெகாம்ப் ஊரில் கிடையாது. கதவு, கூரை, பக்கச் சுவர் எல்லாமே செப்புத் தகடு. ஒரு தகட்டில் மழை பெய்கிற துறைமுகம், இன்னொன்றில் மீனுக்கு உப்புப் போடும் பெண்கள், மற்றொன்றில் மாதா கோயில் மேட்டுக்கு ஏறும் பாதை. எல்லாவற்றிலும் மூலைக்கு மூலை ஆழமாக ஒரு கீறல்.

தகட்டில் வரைந்து அச்செடுக்கிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். முப்பது பிரதி என்று சொல்லிவிட்டால் முப்பதோடு நிறுத்தியாக வேண்டும். முப்பத்தோராவதை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, வரைந்தவனே தன் கையால் படத்தின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிடுவான். அதன் பிறகு அது வெறும் செம்பு. அந்தச் செம்பைச் சும்மா போட்டு வைப்பானேன் என்று ஒனேசிமின் மனைவி சிதோனி முயல்களுக்குக் கொடுத்துவிட்டாள். துறைமுகத்தில் பெய்கிற மழை முயலுக்குக் குடையாகிறது என்று அவளே வந்தவர்களிடம் சொல்லிக் காட்டுவாள். ஒனேசிமுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கோடு போடும்போது அவன் கை ஒருநாளும் தயங்கியதில்லை.

பீப்பாய் செய்கிறவரின் மகன் அவன். பத்தொன்பது வயதில் பாரிஸுக்குப் போய் ஓர் அச்சுக்கூடத்தில் தகடு துடைக்கிற வேலையில் சேர்ந்தான். மையைப் பூசி, துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் ஒற்றி எடுப்பது வேலை. ஆறு வருடத்தில் உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பாகிவிட்டது. மற்றவர்களின் தகட்டைத் துடைத்தே தகட்டு வேலையையும், இரவல் தூரிகையில் எண்ணெய்ச் சாயத்தையும் கற்றுக்கொண்டான். வருடாந்திரக் கண்காட்சியில் இரண்டு முறை அவன் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை எடுத்துக்கொண்டு, கதவுக்கு மேலே, கழுத்தொடிய அண்ணாந்தால்தான் தெரியும் உயரத்தில் மாட்டினார்கள். அவன் ஒரு வாரம் அந்தக் கதவருகே நின்றான். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பழைய அச்சு இயந்திரம் ஒன்றைக் கழற்றிப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டான்.

வலை பின்னுகிறவரின் மகள் சிதோனியைக் கட்டிக்கொண்டது அதற்கு அடுத்த வருடம். இடது கன்னத்தில் மிளகு அளவு மச்சம், பேசும்போது உயரும் ஒற்றைப் புருவம், ஆண்பிள்ளைக்கு இருக்கிற தோள். அச்சு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தை அவள்தான் சுற்றுவாள். அவன் தகட்டைத் துடைத்து வைத்து, ஈரத் தாளை மேலே போட்டு, கம்பளியால் மூடிவிட்டு விலகி நிற்பான். அவள் ஒரே மூச்சில் உருளையை ஓட்டிவிடுவாள். இருவருமாக முப்பத்தோரு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

எல்லாம் சரிதான். ஒரே ஒரு முள் மட்டும் அவன் நெஞ்சில் தைத்துக்கொண்டு கிடந்தது. சிதோனியை அவன் இருபத்து மூன்று முறை வரைந்திருக்கிறான். ஒன்றில்கூட அவள் தன்னை அடையாளம் கண்டதில்லை. கைகட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நிற்பாள். பொறுமையாகத்தான் பார்ப்பாள்.

"ஜன்னல் நல்லா இருக்கு. மேஜை விரிப்பு ரொம்ப நல்லா இருக்கு. இந்தப் பொம்பள யாரு?"

பொய் சொல்லத் தெரியாதவள். சீண்டுவதற்காகவும் சொல்லவில்லை. அதுதான் அவனை அதிகமாக அறுத்தது. அவளுடைய படம் ஒன்றை ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் வாங்கி மாட்டியபோது, ஊரே ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு, சிதோனி வாயைத் திறந்து பேசப்போகிறாள் போலிருக்கிறது என்றது. சிதோனி அதன் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் பக்கத்திலிருந்த பசு மாட்டுப் படத்துக்குப் போய்விட்டாள். மாடு நன்றாக வந்திருக்கிறதாம். கல்யாணத்தின்போது எடுத்த போட்டோவைப் பற்றியும் அவளுக்கு அதே புகார்தான். போட்டோக்காரரும் அதே பொம்பளையைத்தான் பிடித்து வைத்திருக்கிறார் என்பாள். அதையாவது ஒனேசிம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தனக்கு முகம் வரையத் தெரியாது, ஊர் ஏமாறுகிறது, இவள் ஒருத்திதான் ஏமாறவில்லை என்று முடிவு கட்டிவிட்டான். அந்த எண்ணத்தோடுதான் ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் வந்திருந்தான்.

அந்த வருடம் பிப்ரவரியில் பாரிஸிலிருந்து கடிதம் வந்தது. சித்திர அச்சுப் பிரியர்கள் சங்கம் என்று ஒன்று. வருடத்துக்குப் பத்துப் பேரைத் தேர்ந்து ஒரு தொகுப்பு போடுவார்கள். அதில் இடம் கிடைத்தவன் படத்தைப் பிறகு யாரும் கதவுக்கு மேலே மாட்ட மாட்டார்கள். ஒனேசிமை ஒரு முகச் சித்திரம் கேட்டிருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் முசியூ வெர்தியே வியாழக்கிழமை மதிய ரயிலில் வந்து தகட்டைப் பார்வையிடுவார் என்றும் எழுதியிருந்தது. அவன் கடிதத்தை நான்கு முறை படித்தான். சிதோனி ஒரு முறை கேட்டுவிட்டு, யார் முகம் என்று விசாரித்தாள். வேறு யாருடைய முகம் அவனுக்குத் தெரியும்?

தகட்டில் எப்படி வரைகிறோமோ அதற்கு இடவலம் மாறித்தான் தாளில் விழும். அதனால் ஒனேசிம் சிதோனியை நேரில் பார்த்துத் தகட்டில் வரைவதில்லை. பீரோவின் பெரிய கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு எதிரில் சாய்த்து, அவள் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிறதை அப்படியே ஊசியால் கீறுவான். ஏற்கெனவே மாறியிருப்பது மறுபடி மாறி, தாளில் ஒழுங்காக வந்துவிடும். முப்பது வருடப் பழக்கம். கண் பார்க்கும், கை போடும், நடுவில் புத்திக்கு வேலையே இல்லை.

அந்த வாரத் திங்கட்கிழமை பீரோக் கண்ணாடி வீட்டில் இல்லை. அடுத்த வீட்டு ரோசாலியின் மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் அலங்காரம் செய்துகொள்ளப் பெரிய கண்ணாடி வேண்டும் என்று சிதோனியே தூக்கிக் கொடுத்திருந்தாள். கொடுத்துவிட்டு, கல்யாண விருந்துக்காக ஜன்னலருகே உட்கார்ந்து ஆப்பிள் சீவ ஆரம்பித்தாள். மூன்று நாளாக மூடிக் கிடந்த வானம் அப்போது பார்த்துத் திறந்தது. வெளிச்சம் அவள் நெற்றியில் விழுந்தது. தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்ததில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. ஒனேசிம் மெழுகு பூசிய தகட்டை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டான். அவளை அசையாதே என்று சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். வாழ்நாளில் அவன் கை அப்படி ஓடியதில்லை.

மறுநாள் சிதோனி கல்யாண வீட்டுக்குச் சமையலுக்குப் போய்விட்டாள். ஒனேசிம் தகட்டைத் திராவகத்தில் போட்டு, கீறிய கோடுகள் அரிபட்டதும் எடுத்து, மெழுகைத் துடைத்து, மை பூசினான். சக்கரம் சுற்ற ஆள் வேண்டுமே என்று, திராவகம் விற்கிற மருந்துக்கடை ஃபிர்மேனைக் கூட்டி வந்தான். ஃபிர்மேன் மூச்சு வாங்கச் சுற்றினார். தாளை உரித்துத் தூக்கினான். உயிரோடு உட்கார்ந்திருந்தாள் சிதோனி.

ஃபிர்மேன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, உன் பொண்டாட்டி எப்பலேருந்து இடக்கையால ஆப்பிள் சீவறா?"

ஒனேசிமுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மச்சத்தைப் பார்த்தான். வலது கன்னத்தில் இருந்தது. கல்யாண மோதிரம் வலது கையில் இருந்தது. தகடு துடைக்கிற பையன்கூட முதல் மாதத்துக்குப் பிறகு செய்யாத தப்பு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஃபிர்மேன் ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும் சிரித்தார். ஒனேசிம் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து நாற்காலியில் விழுந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வியாழனுக்கு முன்னால் புதன் ஒன்றுதான் பாக்கி. புதிதாக ஒரு தகடு வரையலாம். ஆனால் அந்த வெளிச்சமும் அந்தச் சிரிப்பும் சொன்னால் வருமா? இருப்பதைத் திருத்தலாம் என்று சுரண்டியைத் தீட்டி எடுத்தான். மச்சத்தைச் சுரண்டி மறுபக்கம் வைக்க வேண்டும், மோதிரத்தை அழிக்க வேண்டும், கையையே மாற்ற வேண்டும். சுரண்டியின் முனையைக் கன்னத்தில் வைத்தான், உடனே எடுத்துவிட்டான். சாயங்காலம் வரை வைப்பதும் எடுப்பதுமாகவே இருந்தான்.

சிதோனி அப்போதுதான் திரும்பி வந்தாள். ஒரு தட்டில் விருந்து ஆப்பிள் பணியாரத்தை மூடி எடுத்து வந்திருந்தாள். தாள் கொடியில், அவளுடைய சமையல் துணிக்குப் பக்கத்தில், காய்ந்துகொண்டிருந்தது. ஒனேசிம் எழுந்து அதை மறைக்கப் பார்ப்பதற்குள் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

அவள் கை கட்டவில்லை. தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். பிறகு, தாளைப் பார்த்தபடியே, காதோரம் பிரிந்திருந்த மயிரை விரலால் ஒதுக்கிச் செருகிக்கொண்டாள்.

"நான்தானே இது" என்றாள்.

மறைக்க நீட்டிய கையை அவன் இறக்கிக்கொண்டான்.

"தெனமும் காலைல தலை வாரறப்போ எதிர்ல நிக்கறவ இவதான். இத்தன நாளா இவள எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

தப்பாக வந்துவிட்டது, மச்சம் பக்கம் மாறியிருக்கிறது என்று அவன் தடுமாறிச் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் மச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தனக்குத் தெரியாதா என்றாள். ஜன்னலோரம் தொங்கிய சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து முகத்துக்கு நேரே பிடித்து, இதோ பார், இந்தப் பக்கம்தானே, தாளிலும் அதே பக்கம்தானே என்று காட்டினாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒனேசிம் பார்த்தான். கண்ணாடியில் இருந்தவளும் கொடியில் இருந்தவளும் ஒருத்திதான்.

அவன் தாளைக் கொடியிலிருந்து எடுத்து, மெதுவாகக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தான். மச்சம் இடது கன்னத்துக்கு வந்தது. கத்தி வலது கைக்கு வந்தது. சிதோனி குனிந்து பார்த்தாள்.

"அட, இவ ரூவான்ல மாட்டியிருக்கறவளாச்சே."

ஒனேசிம் உட்கார்ந்துவிட்டான். கைப்புண்ணுக்குத்தான் கண்ணாடி வேண்டாம், முகத்துக்கு வேண்டும். அவளுக்குத் தெரிந்த முகம் கண்ணாடி கொடுத்த முகம். ஊரார் பார்க்கிற முகத்தை, அவன் முப்பத்தோரு வருடமாகப் பார்க்கிற முகத்தை, அவள் ஒருத்தி மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் இருபத்து மூன்று முறையும் சரியாகத்தான் வரைந்திருக்கிறான். இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்த அவமானமெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்தது. வீணாகக் கரைந்த வருடங்களை நினைத்து ஆத்திரமும் வந்தது.

"எனக்கு வரையத் தெரியலன்னு நீ நெனக்கறதா நெனச்சுட்டே இருந்தேன், சிதோனி."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? யாருன்னுதானே கேட்டேன்."

சுரண்டியை அவளே எடுத்துக் கத்திப் பெட்டியில் போட்டு மூடினாள். தாளைப் படுக்கையறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியதும் அவள்தான். இனி அதில் யாராவது கை வைத்தால் வைத்த கைக்கு அவள் பொறுப்பில்லை என்றாள்.

வியாழக்கிழமை முசியூ வெர்தியே வந்தார். மெலிந்த மனிதர், நல்ல கையுறை. சிதோனி வெண்ணெயில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் ஆப்பிள் மதுவும் வைத்தாள். சாப்பிட்ட பிறகு தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சிதோனியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

படம் இடவலம் மாறிவிட்டது என்று ஒனேசிம் தானே ஒப்புக்கொண்டான்.

"அதனால என்ன, முசியூ தெலமார்? பாரிஸ்ல மதாமைத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?" என்றார் வெர்தியே.

இந்த வருடத் தொகுப்பில் இதுதான் முதல் படம் என்று அவர் வாயாலேயே வந்தது. சிதோனி ஒனேசிமின் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாள். அன்று கதவருகே அண்ணாந்து நின்ற இருபத்தாறு வயதுப் பையனுக்கு அப்போதுதான் கழுத்து நேரானது.

வெர்தியே தகட்டைக் கேட்டார். ஒனேசிம் பட்டறையிலிருந்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான். செயலாளர் வழக்கமான விவரங்களைச் சொல்லிக்கொண்டே போனார். சங்கத்து அச்சுக்கூடத்தில் அறுபது பிரதி எடுப்பார்கள். பிறகு மூன்று உறுப்பினர்கள் முன்னிலையில் தகட்டில் கோடு போடப்படும். சங்கத்து விதிப்படி ஒரு கோடு அல்ல, இரண்டு. மூலைக்கு மூலை, பெருக்கல் குறி மாதிரி. கோடு போட்ட தகட்டிலிருந்து கடைசியாக ஒரு தாள் எடுத்துச் சாட்சிக்கு வைத்துக்கொள்வார்கள்.

ஒனேசிமுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். ஆட்டிக்கொண்டே தகட்டைப் பார்த்தான். துடைத்து வைத்த செம்பில், ஜன்னல் வெளிச்சத்தில், கோடுகள் கறுப்பாகத் தெரிந்தன. மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. கத்தி வலது கையில் இருந்தது. இரண்டு கோடும் சந்திக்கிற இடம் எது என்று அவன் கண் தானாகக் கணக்குப் போட்டது. மூக்குக்கும் அந்த மச்சத்துக்கும் நடுவில்.

இன்னும் கொஞ்சம் மது எடுத்து வருகிறேன் என்று எழுந்து கொல்லைக்குப் போனான். முயல் கூண்டின் முன்னால் நின்றான். உப்புப் போடும் பெண்கள் நான்கு பேர். கீறல் அவர்களில் ஒருத்தியின் வாயைப் பிளந்துகொண்டு போயிருந்தது. அவள் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை. தன் கைதான் அதைச் செய்தது. முதல் முறையாக அவனுக்கு அது வெட்கமாக இருந்தது.

மது ஜாடி இல்லாமலே உள்ளே திரும்பினான். வெர்தியே தகட்டைக் கம்பளித் துணியில் பாதி சுற்றியிருந்தார்.

தகட்டைத் தர முடியாது என்றான் ஒனேசிம்.

செயலாளர் விளையாட்டு என்றுதான் நினைத்தார். பிறகு, தொகையைக் கூட்டிக் கொடுக்கலாம் என்றார். விதியை மாற்ற முடியாதா என்று ஒனேசிம் கேட்டதற்கு, கோடு போடாத தகட்டின் பிரதியை எந்த உறுப்பினரும் வாங்க மாட்டார் என்று உண்மையையே சொன்னார். இன்னொரு முறை இந்த வாய்ப்பு வருமென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்பதையும் மரியாதையாகச் சொன்னார். ஒனேசிம் துறைமுகப் படகுகள் தகடு ஒன்றைக் காட்டினான். அவர் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், எடுத்துக்கொள்ளவில்லை.

சிதோனிக்குப் பொறுக்கவில்லை. கணவனைச் சமையலறை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நாப்பது வருஷமா இதுக்குத்தானே ஏங்கினே? எனக்குத்தான் தாள் கெடச்சாச்சே. அந்தச் செம்பைக் குடுத்துத் தொலையேன்."

"தாள் உன்னோடது. அதுல இருக்கறவள உனக்குத்தான் தெரியும்" என்றான் ஒனேசிம். "எனக்குத் தெரிஞ்சவ தகட்டுல இருக்கா. அவ மூஞ்சி மேல கோடு போட நான் குடுக்க மாட்டேன், சிதோனி."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். ஒற்றைப் புருவம்கூட உயர்ந்தது. அதை விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய், முசியூ வெர்தியேயின் முன்னாலிருந்து துணிச் சுருளை எடுத்துக்கொண்டு, ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, ஆப்பிள் பணியாரம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். போகும்போது தொப்பியைக் கழற்றிச் சிதோனிக்கு மட்டும் தனியாக வணக்கம் சொன்னார்.

அந்த வருடத் தொகுப்பு ஒனேசிம் இல்லாமல்தான் வந்தது. அடுத்த வருடமும் அப்படியே. ஃபிர்மேன் செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு வந்து துக்கம் விசாரிப்பதுபோல் உட்கார்ந்தார்; ஒனேசிம் அவருக்கு மது ஊற்றிக் கொடுத்துவிட்டு முயலைப் பற்றிப் பேசினான். வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. பிப்ரவரி மாதத்தில் தபால்காரர் தாண்டிப் போகிற சில காலைகளில் இருந்தது.

தகட்டின் கோடுகளில் கறுப்பு மையைத் தேய்த்து, மிச்சத்தைப் பளபளவென்று துடைத்து, தாளுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தான். சிதோனி முதலில் சில மாதம் அதைப் பார்க்காமலேயே போய்வந்தாள். ஒருநாள் படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தவள் கையில் விரிப்போடு தகட்டின் முன் நின்றுவிட்டாள். சவரம் செய்துகொண்டிருந்த ஒனேசிம் கத்தியை நிறுத்தினான். இருபத்து மூன்று முறை கேட்ட கேள்வி வரப்போகிறது என்று காத்திருந்தான்.

"பரவாயில்ல, இவளும் நல்ல மாதிரியாத்தான் தெரியறா" என்றாள் சிதோனி. "பொறுமைசாலியா இருக்கணும். உன்கூட இத்தன வருஷம் குடித்தனம் பண்ணியிருக்காளே."

சொல்லிவிட்டு விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவனிடம் நீட்டினாள்.